கயிறு பிடிப்பவர் யார்?

கடலடியில் மாண்டுபோகும் சுழியோடியைப் பற்றிய செய்தி நமது நாளேடுகளில் நான்கு வரிகளைத் தாண்டுவது அரிது. பெயர், வயது, ஊர், கடலட்டை பிடிக்கச் சென்றவர் என்றொரு குறிப்பு, காரணம் ‘மூச்சுத் திணறல்’. அத்துடன் செய்தி முடிந்துவிடும். செய்தி மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மரணங்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாதவரை அவற்றைத் தடுக்கவும் முடியாது.

பிரித்தறியும் முயற்சி ஒன்று உலகின் வேறு கடற்கரைகளில் நீண்ட காலமாக நடந்து வருகிறது. ‘ரீபிரீதர்’ எனப்படும் மறுசுவாசக் கருவி பாதுகாப்பானதா, இல்லையா என்ற விவாதம் அது. உல்லாசச் சுழியோடலின் எல்லை என்று பொதுவாகக் கொள்ளப்படும் 40 மீற்றருக்கும் கீழே இறங்குவோர், மூழ்கிய கப்பல்களுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் நுழைவோர் பயன்படுத்தும் கருவி. விலையோ மிக அதிகம். ‘கிண்ணியாவில் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலட்டைக்கு இறங்குகிறவனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஒட்சிசன் (தமிழ்நாட்டு வழக்கில் ஆக்சிஜன்) ஏறத்தாழ 21 வீதம். வெளிவிடும் மூச்சிலும் 16 வீதமளவு ஒட்சிசன் எஞ்சியே இருக்கிறது. சாதாரண சிலிண்டரில் சுவாசிப்பவர் அதைக் குமிழிகளாகக் கடலில் கொட்டிவிடுகிறார். ஆழம் கூடக்கூட இந்த வீண்செலவும் கூடும். 50 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் ஆறு மடங்கு காற்று செலவாகும். 12 லீற்றர் சிலிண்டர் ஒன்று அந்த ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது.

மறுசுவாசக் கருவி, வெளிவிட்ட மூச்சை வீணாக்குவதில்லை. குழாய் வழியே அதைச் சுண்ணாம்புச் சேர்மம் நிரப்பிய பெட்டிக்குள் செலுத்தி, காபனீரொட்சைட்டை (கரியமில வாயுவை) உறிஞ்சவிட்டு, உடல் எடுத்துக்கொண்ட அளவு ஒட்சிசனை மட்டும் சேர்த்துத் திரும்பவும் வாய்க்குத் தருகிறது. உடலுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். ஆழம் எதுவாயினும் அந்தத் தேவை பெரிதாக மாறுவதில்லை. எனவே சிறியதொரு சிலிண்டருடன் மணிக்கணக்கில் நீரடியில் இருக்கலாம். குமிழிகள் கிடையாது. ஓசையும் கிடையாது.

இந்தச் சாதனம் திருகோணமலைக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை ‘சாரியட்’ என்ற மனித டோர்பிடோவைப் பயன்படுத்தியது. இருவர் அதன்மீது குதிரையேறியதுபோல் அமர்ந்து, நீருக்கடியில் பகைவனின் துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பலின் அடியில் வெடிகுண்டைப் பொருத்துவார்கள். குமிழி எழுந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவர்கள் சுவாசித்தது மறுசுவாசக் கருவியில். 1944 ஒக்டோபரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ‘டிரெஞ்சன்ட்’ நீர்மூழ்கிக் கப்பல் இத்தகைய இரண்டு சாரியட்டுகளைச் சுமந்து சென்றது. தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்தில் ‘சுமாத்ரா’, ‘வோல்ப்பி’ என்ற இரு கப்பல்கள் அன்று தாக்கப்பட்டன.

அந்த வீரர்கள் சுவாசித்தது தூய ஒட்சிசன். உயிர் காக்கும் ஒட்சிசன் அழுத்தத்தில் நஞ்சாகும் என்ற உண்மையை உலகம் செவ்வையாக அறிந்துகொண்டது அந்தப் போர்க்காலத்தில்தான். கெனத் டொனால்ட் என்ற கடற்படை மருத்துவர் 1942 முதல் தொண்டர்களைக் கொண்டு தொடர் சோதனைகள் நடத்தினார். ஆளுக்கு ஆள் தாங்கும் அளவு வேறுபட்டது. அதைவிட அச்சமூட்டிய முடிவு இன்னொன்று: ஒரே மனிதர் ஒரு நாள் தாங்கிய அளவை மற்றொரு நாள் தாங்கவில்லை. முன்னறிகுறி இன்றி வலிப்பு வந்தது. ‘எனக்கு இது பழக்கம், என் உடம்பு தாங்கும்’ என்று எவரும் சொல்ல முடியாது என்பதே அச்சோதனைகளின் சாரம்.

இன்றைய கருவிகள் அன்றையவற்றைவிட வெகுவாக முன்னேறியவை. ஒட்சிசன் அளவை உணர்கலங்கள் கண்காணிக்கின்றன. கணினி அதைச் சீராக்குகிறது. ஐரோப்பாவில் இ.என். 14143 என்ற தரநிலை 2003இல் வந்து, 2013இல் திருத்தப்பட்டது. அப்படியிருந்தும் மரணங்கள் நிகழ்கின்றன. அவுஸ்திரேலிய மருத்துவர் அண்ட்ரூ ஃபொக் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 1998 முதல் 2010 வரையில் மறுசுவாசக் கருவியுடன் இறந்த உல்லாசச் சுழியோடிகளின் பதிவுகளைத் திரட்டியது. எண்ணிக்கை 181. சாதாரண சிலிண்டருடன் ஒப்பிடுகையில் இறப்பு அபாயம் நான்கு முதல் பத்து மடங்கு என அவர் மதிப்பிட்டார். இறந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் விடயத்தில் துணிகரமான சுழியோடலோ ஆபத்தான நடத்தையோ தொடர்புபட்டிருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு அணிகள் மோதிக்கொள்கின்றன. ‘கருவி கொல்கிறது’ என்கிறது ஓர் அணி. ‘கருவி கொல்வதில்லை, கவனக்குறைவே கொல்கிறது’ என்கிறது மற்றது. இரண்டாவது அணியின் வாதம் கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மைதான். ஏன் என்று பார்ப்போம்.

நாம் மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் தவிப்பு ஏற்படுகிறது. அந்தத் தவிப்பை உண்டாக்குவது ஒட்சிசன் குறைவு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதைத் தூண்டுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டின் பெருக்கமே. மறுசுவாசக் கருவியின் சுண்ணாம்புப் பெட்டி அதை அகற்றிவிடுகிறது. ஆகவே ஒட்சிசன் சேர்க்கும் அடைப்பான் பழுதுபட்டாலும், சுவாசிப்பவருக்குத் தவிப்பு வராது. சுகமாகவே இருக்கும். பிறகு நினைவு தப்பும். வாய்க்குழாய் நழுவும்.

மறுபுறம், ஒட்சிசன் மிகுந்துவிட்டால் டொனால்ட் கண்ட அதே வலிப்பு. மூன்றாவது வழி, சுண்ணாம்பு தீர்ந்து காபனீரொட்சைட்டு பெருகுவது. இதில் மூச்சிரைப்பும் குழப்பமும் தோன்றும். ஆனால் தன் நிலையைத் தானே உணரும் அறிவையும் அது மழுக்கிவிடும். இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கருவியில் சுவாசித்துப் பார்த்தால் பெட்டியின் பழுது தெரிந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையையும் குலைத்தது. பெட்டி ஓரளவு பழுதுபட்டிருந்தபோது, சோதனைக்கு உட்பட்டோரில் பெரும்பாலானோர் எதையும் உணராமலே சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

உணர்கலங்களும் வயதாகும். பொதுவாக மூன்று கலங்கள் பொருத்தப்படும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டின் கூற்றைக் கணினி ஏற்கும். ஒரே காலத்தில் வாங்கி, ஒரே ஈரத்தில் கிடந்து, ஒரேயளவு முதுமையடைந்த இரண்டு கலங்கள் ஒரே பொய்யைச் சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பான்மை வாக்கில் உண்மை தோற்றுப்போகும். நம் நாட்டு அரசியலைக் கவனிப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2005 ஜனவரி 8ஆம் திகதி தென்னாபிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் என்ற நீர்க்குகையில் டேவிட் ஷோ என்ற அவுஸ்திரேலியர் இறந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே குகையில் மாண்ட இளைஞர் ஒருவரின் உடலை 270 மீற்றர் ஆழத்திலிருந்து மீட்கச் சென்றவர். அவர் அனுபவசாலி, விமானி, ஒழுங்குமுறைக்குப் பழகியவர். தலையில் பொருத்தியிருந்த ஒளிப்படக்கருவி அவரது கடைசி மூச்சுகளைப் பதிவு செய்தது. அந்த ஆழத்தில் அடர்ந்துபோன வாயுவை இழுத்து விடும் உழைப்பே காபனீரொட்சைட்டைப் பெருக்கி அவரைச் சாய்த்தது என்று பின்னர் மருத்துவர்கள் விளக்கினர். இதைக் ‘கவனக்குறைவு’ என்ற பெயரில் அடக்கிவிட முடியுமா?

விமானம் விழுந்தால் ‘விமானியின் தவறு’ என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவதில்லை. அந்தத் தவறு ஏன் சாத்தியமாயிற்று, அடுத்தவர் அதைச் செய்யாதிருக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். சரிபார்ப்புப் பட்டியல்கள் அப்படித்தான் பிறந்தன. எச்சரிக்கை தராமல் கொல்லக்கூடிய கருவியைக் கையாளுகிறவருக்கு, எச்சரிக்கை தரும் மனிதர்களும் நடைமுறைகளும் சூழ இருக்க வேண்டும். பட்டியலை உரத்து வாசிக்கும் துணைவர், கருவி பழுதுபட்டால் உடனே மாற்றிச் சுவாசிக்கத் தனிச் சிலிண்டர், மேலே விழித்திருக்கும் படகு, எட்டும் தூரத்தில் உயரழுத்த அறை. இவை அனைத்தும் உள்ள இடத்தில் மறுசுவாசக் கருவியைத் தடைசெய்யத் தேவையில்லை. இவை இல்லாத இடத்தில் எத்தகைய தரச்சான்றும் பயன் தராது. பாதுகாப்பு கருவிக்குள் மட்டும் இருப்பதன்று. அதைச் சூழ்ந்த ஏற்பாட்டிலும் இருப்பது.

இப்போது கிண்ணியாவுக்கு வருவோம்.

ஒரு பக்கம் தம்பலகாமக் குடா. மறு பக்கம் மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடா. கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே கடல் பாதாளமாக இறங்கும் ஆழ்பள்ளத்தாக்கு இப்பகுதியின் இயற்கை. இந்தக் கரையோரத்தில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குவோர் மறுசுவாசக் கருவியை நாடுவதில்லை. அவர்களிடம் இருப்பது சிலிண்டர்தான். கடலட்டையை இலங்கையர் உண்பதில்லை. அது காய்ந்து, கிழக்காசியச் சந்தைகளுக்குப் போகிறது. இந்தியா 2001இல் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்ட தொழில். ஆழம் குறைந்த இடங்களில் அட்டை அருகும்போது, சுழியோடி மேலும் ஆழத்துக்குப் போகிறான். ஒரே நாளில் பலமுறை இறங்குகிறான்.

ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடாப் போத்தலை மெல்லத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறும். சட்டெனத் திறந்தால் நுரைத்துப் பொங்கும். மேலேறும் வேகம் மிகுந்தால் உடலுக்குள் நடப்பதும் அதுவே. மூட்டில் வலி, காலில் மரமரப்பு, சிறுநீர் கழிக்க இயலாமை, பின்னர் இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட படிப்படியான மேலேற்ற அட்டவணை முதற்கொண்டு இதைத் தடுக்கும் வழி உலகுக்குத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த ஒன்று படகில் இருப்பவனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், குறை யாருடையது?

இங்கேதான் இரண்டு உலகங்களும் ஒன்றுபடுகின்றன. மறுசுவாசக் கருவிக்காரருக்கு ஒட்சிசன் குறைவது தெரியாது. கடலட்டைச் சுழியோடிக்கு நைதரசன் நிறைவது தெரியாது. இருவருக்கும் உடல் எச்சரிக்கை தருவதில்லை; தரும்போது காலம் கடந்திருக்கும். ‘என் வாப்பாவும் இப்படித்தான் இறங்கினார்’ என்பது இங்கே சான்றாகாது. ஒரே மனிதர் ஒரு நாள் தாங்கியதை மறுநாள் தாங்குவார் என்ற உறுதி இங்கும் இல்லை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் விரும்பி இறங்குகிறார். பின்னவர் அடுப்பெரிய இறங்குகிறார். முன்னவர் மரித்தால் ஆய்விதழில் கட்டுரை வரும். உணர்கலம், பெட்டி, அடைப்பான் எல்லாம் ஆராயப்படும். பின்னவருக்கு நான்கு வரிச் செய்தி.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது; மாற்று வழியாக அந்தப் பாதையே இருந்தது. ஏறியவர்கள் அறியாமையால் ஏறவில்லை. வேறு நல்ல வழி இல்லாததால் ஏறினார்கள். சுழியோடியின் நிலையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

சிகிச்சை இல்லையா? இருக்கிறது. உயரழுத்த அறைக்குள் நோயாளியை வைத்து, 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெளியே கொண்டுவருவார்கள். அத்தகைய அறை திருகோணமலையில், கடற்படையிடம் இருக்கிறது. கடற்படையினர் மீனவச் சுழியோடிகளுக்குச் சிகிச்சை அளித்துமிருக்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும்.

எனினும் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அனுமதிப்பத்திரமின்றியும் இரவிலும் சுழியோடுவோரைக் கடலில் கைது செய்வதும் அதே கடற்படைதான். உள்ளூரில் உயிர் காக்கும் கதவும் விலங்கு மாட்டும் கையும் ஒரே நிறுவனத்தினுடையவை. விதியை மீறி இறங்கிய ஒருவன், கால் மரத்துப்போன நிலையில் அந்த வாசலுக்குப் போகத் தயங்குவானா, மாட்டானா? படகையும் இயந்திரத்தையும் இழக்க நேருமோ என்று படகு முதலாளி ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பாரா, மாட்டாரா? இந்நோயில் முதல் சில மணி நேரமே பெறுமதியானது. தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் ஒருவனின் காலை விலையாகக் கேட்கலாம்.

சட்டம் தளர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடலட்டை வளம் அழியாமல் இருக்கக் கட்டுப்பாடு வேண்டும். சிகிச்சையையும் தண்டனையையும் பிரித்துவையுங்கள் என்றே சொல்கிறேன். வாள்வெட்டுக் காயத்துடன் வருகிறவனுக்கு முதலில் இரத்தத்தை நிறுத்துகிறார்கள். வழக்கு பின்னர் வருகிறது. சுழியோடிக்கும் அதே முறை எழுத்தில் உறுதி செய்யப்படட்டும். பொது வைத்தியசாலை வழியாக வருகிறவரிடம் அறையில் இருக்கும் வரை எந்த விசாரணையும் இல்லை என்று அறிவிக்கட்டும். அந்த அறிவிப்பைக் கிண்ணியாவின் பள்ளிவாசல்களிலும் மீனவர் சங்கங்களிலும் தமிழில் வாசிக்கட்டும்.

இது ஏழை நாட்டுக்கு எட்டாத ஆசை என்பாருக்கு ஒரு செய்தி. மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில் மிஸ்கிட்டோ இனத்தவர், ஏற்றுமதிக்காகச் சிங்க இறால் பிடிக்கச் சிலிண்டருடன் இறங்கி, நூற்றுக்கணக்கில் முடமானார்கள். அவர்களில் 42 பேரின் வழக்கில், அமெரிக்கக் கண்டத்துக்கான மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்களைக் கண்காணிக்கத் தவறியதற்கு அரசே பொறுப்பு என்பது அதன் சாரம். ‘அவன் தானாகத்தான் இறங்கினான்’ என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை. இங்கும் சிலிண்டரை நிரப்பிக் கொடுப்பவர், படகின் முதலாளி, அட்டையை வாங்கும் ஏற்றுமதியாளர், அனுமதிப்பத்திரம் வழங்கும் திணைக்களம் என்று நான்கு கைகள் அந்தச் சுழியோடியின் மேல் இருக்கின்றன. இலாபத்தில் பங்குள்ள கைகளுக்கு ஆபத்திலும் பங்கு வேண்டாமா?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அனுமதிப்பத்திரத்துடன் தமிழில் இரண்டு நாள் பயிற்சி. நீர் படாத அட்டையில் அச்சிட்ட மேலேற்ற அட்டவணை. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கைக்கருவி. ஒவ்வொரு படகிலும் முதலுதவிக்கு ஒரு ஒட்சிசன் சிலிண்டர். வலி கண்டவரை மீண்டும் கடலுக்குள் இறக்கிக் குணப்படுத்தப் பார்க்கும் ஆபத்தான பழக்கத்தைப் பற்றிய எச்சரிக்கை. இவற்றின் செலவு ஒரு பருவத்தின் ஏற்றுமதி வருமானத்துடன் ஒப்பிடத் தக்கதன்று.

மறுசுவாசக் கருவியைப் பற்றியும் இப்போதே ஒரு முடிவு எடுத்துவைப்பது நல்லது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைக் காண உலகெங்குமிருந்து தொழில்நுட்பச் சுழியோடிகள் வருகிறார்கள். உல்லாசப் பயணியிடம் இருக்கும் பொருள், விலை மலிந்ததும் தொழிலாளியின் கைக்கு வருவதே வழக்கம். சிலிண்டரும் அப்படி வந்ததுதான். ஓசையும் குமிழியும் இல்லாமல் மணிக்கணக்கில் ஆழத்தில் இருக்கலாம் என்ற கவர்ச்சி, இரவில் மறைந்து இறங்குகிறவனை எப்படி ஈர்க்கும் என்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியின்றி, பழைய கலங்களுடன், தீர்ந்துபோன சுண்ணாம்புடன் அது ஒருநாள் இந்தக் கரைக்கு வருமானால், இன்றைய முடங்கிய கால்கள் சிறு துயரமாகத் தோன்றும். விதி வர வேண்டியது கருவிக்கு முன். உடலங்களுக்குப் பின் அல்ல.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த காலத்தில் ஒவ்வொரு குளிப்பாளனுக்கும் படகில் கயிறு பிடிப்பவர் ஒருவர் இருப்பார். மைத்துனனையே அந்த வேலைக்கு வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் சகோதரியின் தாலிக்காகவாவது கயிற்றைக் கவனமாகப் பிடிப்பான் அல்லவா! கண்ணாடியும் சிலிண்டரும் கணினியும் இல்லாத அந்தக் காலத்தவர்கள், கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவனின் கையில் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். கருவிகள் வந்ததும் கயிற்றை விட்டுவிட்டோம். கிண்ணியாவின் சுழியோடிக்கு இன்று அந்தக் கயிற்றைப் பிடிக்கக் கடமைப்பட்டவர்கள் கடற்றொழில் திணைக்களத்திலும், கடற்படையிலும், ஏற்றுமதிக் கம்பனிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கயிறு இருக்கிறதா என்று கேட்பதே பத்திரிகைக்காரர்களின் வேலை. நான்கு வரிச் செய்தியை ஐந்தாவது வரிக்கு நீட்டி, அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதும் இளைய நிருபர் ஒருவரை எதிர்பார்க்கிறேன்.